இலையானுக்கும் பெயருண்டு

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வீதியில், விடத்தல்தீவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் இலுப்பைக்கடவையை அடைவர். ஒருபுறம் வயலும் காடும். மறுபுறம் கண்டல் மரங்களும் உவர்நிலமும் ஆழம் குறைந்த கடலும். 2011ஆம் ஆண்டு தை மாதத்தில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணத்து வாகனங்கள் இவ்வழியே ஓடுகின்றன. ஆயினும் ஊரில் இறங்குவோர் சிலரே. ஊரின் பெயரிலே ஒரு மரமும் ஒரு வழியும் இருக்கின்றன. மரத்தையும் வழியையும் பெயரிட்டு அழைத்த மக்கள், தம் கருவாட்டின்மேல் நாள்தோறும் வந்து மொய்க்கும் உயிருக்கு ‘இலையான்’ என்ற ஒரே பெயரைச் சூட்டி, அதனுடன் அமைந்துவிட்டனர்.

அவ்வூரிலே பிறந்து, பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திலே தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், பங்குனி மாத விடுமுறையில் வீடு வந்திருந்தான். அவனுடைய பெரியம்மா கரையோரத்து வாடியில் மீன் காயவைப்பவர். வலைமேற் பரப்பிய மீனை அவர் புரட்டிக்கொண்டிருக்க, அவன் கைத்தொலைபேசியை மீனுக்கருகே பிடித்துக் குனிந்திருந்தான்.

“என்ன தம்பி, மனிசரைப் படமெடுக்கிறதை விட்டுட்டு இலையானைப் படமெடுக்கிறாய்?”

“பேர் கண்டுபிடிக்கப்போறன், பெரியம்மா.”

“உந்த இலையானுக்கும் பேரிருக்கோ?”

பெரியம்மா நகைப்புடனேயே கேட்டார். ஆனால் அக்கேள்வி நகைத்து விடத்தக்கதன்று என்பதை அவ்விடுமுறை முடிவதற்குள் இருவரும் உணர்ந்தனர்.

தமிழ் பயின்றவர்க்குப் பெயரிடும் மரபு புதியதன்று. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களின் பெயரை நிரல்படச் சொல்கிறார். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்து, எறும்பை மூவறிவுயிரிலும் தும்பியை நாலறிவுயிரிலும் வைக்கிறது. எனினும் ஈ, நுளம்பு, தேனீ என்னும் சொற்களை நோக்குமிடத்து, வழக்கும் விலங்கியலும் வெவ்வேறு வழியிற் செல்வது புலனாகும். தேனீயை நாம் ஈ என்கிறோம். அதற்கு நான்கு இறக்கைகள். நுளம்பை நாம் ஈ என்பதில்லை. அதற்கோ இலையானைப் போல் இரண்டே இறக்கைகள். இரண்டு இறக்கை உடையவற்றை ஒரு தொகுதியாகக் கண்டு ‘டிப்தெரா’ எனக் கிரேக்க மொழியில் வழங்கியவர் அரிஸ்டோட்டில். பின்னிறக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில் இவற்றுக்குக் குண்டூசித் தலை போன்ற இரு சிறு குமிழ்கள் உண்டு. பறக்கையிற் சமநிலை பேணுவன அவையே. இதுவரை பெயரிடப்பட்ட இவ்வருணத்து இனங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை. இலையானும் நுளம்பும் பழ ஈயும் மணல் ஈயும் இக்குடியின் கிளைகளே.

இலையான்களைப் படமெடுத்துப் பெயரறியும் பழக்கம் அம்மாணவனுக்கு ஏற்பட்டது இவ்வாறுதான். வேலிப் பூக்களிலே தேனீ என்று எண்ணி அவன் எடுத்த படமொன்றைப் பெருப்பித்துப் பார்த்தபோது, அதற்கு இரண்டு இறக்கைகளே இருந்தன, உணர்கொம்புகள் குறுகியிருந்தன, கண்கள் முகம் முழுவதையும் அடைத்திருந்தன. அது தேனீயின் உடையணிந்த ஈ. கொட்டும் உயிரின் தோற்றத்தைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ளும் இவ்வகை ஈக்கள் பூந்தோட்டங்கள் எங்கும் உண்டு. வெறுங்கண் ஏமாந்த இடத்தில் ஒளிப்படம் உண்மையைக் காட்டிற்று. அன்றிலிருந்து ஒளிப்படத்தின்மேல் அவனுக்கு அளவிறந்த நம்பிக்கை உண்டாயிற்று. பின்னர் நிகழ்ந்த தவறுக்கும் அந்நம்பிக்கையே வித்தாயிற்று.

வாடியில் எடுத்த படங்கள் முதலில் அந்நம்பிக்கையை வளர்க்கவே செய்தன. நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் தடித்த உடல். செங்கல் நிறத்துப் பெருங்கண்கள். ஆண் ஈயின் கண்ணில் மேற்பாதியின் நுண்வில்லைகள் பெரியனவாகவும், கீழ்ப்பாதியின் வில்லைகள் சிறியனவாகவும், இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லையும். இவ்வடையாளங்களைக் கொண்டது கிறைசோமையா மெகாசெபலா. பெருந்தலை என்பதே அப்பெயரின் பொருள். ஆசியாவின் வெப்ப நாடுகளிலே காயும் மீனைக் கெடுக்கும் ஈக்களுள் இதுவே முதன்மையானது. ஈரம் உலராத மீனிலே இது முட்டையிடும். உப்புக் குறைந்தாலும் வானம் மூடியிருந்தாலும் புழு வைக்கும். மீன் நன்றாகக் காய்ந்தபின் இது அணுகாது. அப்போது வேறு வகை வண்டுகள் வந்து சேரும். இவற்றை அவன் எடுத்துரைத்தபோது பெரியம்மா வியப்படையவில்லை. முதல் நாள் வெயிலே கருவாட்டின் உயிர் என்பதை அவர் நாற்பது ஆண்டுகளாக அறிவார். அவர் அறியாதது ஈயின் பெயர் ஒன்றே.

இதே சாதியைச் சேர்ந்த கிறைசோமையா பெசியானா என்னும் மற்றோர் ஈயும் உண்டு. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். தொழிலிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. முன்னது செத்த மீனையும் கழிவையும் நாடும். பின்னதன் புழுக்கள் உயிருள்ள மாட்டின் புண்ணிலே புகுந்து பச்சைத் தசையை உண்பவை. இறக்கையின் அடியிலே சிறு மடலொன்று இருக்கிறது. அது முன்னதிற் கருமையாகவும் பின்னதில் வெண்மையாகவும் இருக்கும். மாடு வளர்ப்பவனுக்கு இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு பட்டி முழுவதன் நலனைப் பற்றியது. அவ்வேறுபாடோ ஒரு கடுகளவு மடலின் நிறத்தில் அடங்கியிருக்கிறது. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் அது தெரியாமற் போகலாம். ஆகவே மேற்பக்கம், விலாப்பக்கம், முகம், விரிந்த இறக்கை என நான்கு படமேனும் வேண்டும். எந்த நாள், எந்த இடம், எதன்மேல் அமர்ந்திருந்தது என்னும் குறிப்பும் வேண்டும்.

நான்கு படமும் உதவாத ஈக்களும் உள. மார்பிலே சாம்பல் நிறமும் மூன்று கருங்கோடுகளும் கொண்டு வாடியிலே திரியும் இறைச்சி ஈக்களின் படத்தைப் பார்த்து, இன்ன குடும்பம் என்று சொல்லிவிடலாம். இன்ன இனம் என்று சொல்வது அரிது. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தே அறிஞர் அவற்றைப் பிரிக்கின்றனர். இதற்கு மறுதலையும் உண்டு. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்கள் சிலவற்றின் கண்களிலே பச்சையும் ஊதாவுமான பட்டைகள் ஒளிரும். ஈ இறந்து உலர்ந்ததும் அந்நிறம் மங்கிவிடும். அருங்காட்சியகப் பெட்டியில் இல்லாத அவ்வழகை உயிருள்ளபோது எடுத்த படமே காத்துத் தருகிறது. உடல் காப்பது ஒன்று. படம் காப்பது வேறொன்று.

இந்நாட்டு ஈக்களின் உடல்கள் பெரும்பாலும் கடல் கடந்தே சென்றன. ‘பிரித்தானிய இந்திய விலங்கினம்’ என்னும் வரிசையிலே ஈக்களைப் பற்றிய முதல் மூன்று தொகுதிகளை என்றிக்கோ புறுனெற்றி 1912, 1920, 1923ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். இலங்கையும் அவ்வரிசையில் அடங்கும். புறுனெற்றி தொழிலால் இசைவாணர் என்பது கலைப்பீடத்தார்க்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனமும் இலங்கைப் பூச்சிகளைப் பெருமளவிலே திரட்டிற்று. இலண்டனிலும் வாசிங்டனிலும் உள்ள பெட்டிகளை இலுப்பைக்கடவை இளைஞன் எங்ஙனம் காண்பான்? உருப்பெருக்கியும் நூலகமும் அருகில் இல்லாதவனுக்கு ஒளிப்படமே திறந்திருக்கும் வாயில். அவ்வாயிலை இகழ்வது அறமன்று. ஆனால் வாயிலில் நிற்பவன் தன்னை வீட்டினுள் இருப்பவனாகக் கருதிவிடவுங் கூடாது. அவன் தவறியது அவ்விடத்திலேதான்.

ஒரு மாலை கிணற்றடிச் சுவரிலே நுளம்பொன்று தலையைத் தாழ்த்தி, உடலின் பின்புறத்தைச் சரிவாக உயர்த்தி அமர்ந்திருந்தது. அவ்வாறு அமர்வது அனோபிலிஸ் நுளம்பின் இயல்பு. மலேரியாவை மனிதரிடையே பரப்புவது அச்சாதியே. படமெடுத்தான், கைத்தொலைபேசியில் இருந்த பிற படங்களுடன் ஒப்பிட்டான், குறிப்பேட்டிலே ‘அனோபிலிஸ் ஸ்டெபென்சி’ என்று எழுதினான்.

அப்பெயர் மன்னார் மாவட்டத்திலே சாதாரணமானதன்று. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோயிலே இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1963ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று விழிப்புக் குன்றிய சில ஆண்டுகளுக்குள் அது இலட்சக்கணக்கானோரைப் பற்றிற்று. மீண்டும் நெடுங்காலம் போராடி, 2012ஆம் ஆண்டு ஐப்பசியின் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் இல்லை என்னும் நிலை எய்தப்பெற்றது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலேயே, அதுவரை இலங்கையிற் காணப்படாத ஸ்டெபென்சி நுளம்பு மன்னார்த் தீவிலே கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது இதுவே. காட்டு நீரோடையை நாடும் பழைய நுளம்பைப் போலன்றி, இது கட்டுக்கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் வளரும். மக்கள் நெருங்கி வாழும் இடமே இதற்கு உகந்த இடம். 2012ஆம் ஆண்டில் இது ஆபிரிக்காவின் ஜிபூட்டி நாட்டிலே காணப்பட்டது. அவ்வாண்டு அந்நாட்டு மலேரியா நோயாளர் 27 பேர். 2020ஆம் ஆண்டில் அத்தொகை 70,000ஐக் கடந்தது.

இவற்றையெல்லாம் வாசித்திருந்த மாணவன், கண்டுபிடித்த களிப்பிலே பெரியம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன் எண்ணாத ஒன்றை அச்சொல் செய்தது. 2008ஆம் ஆண்டிலே போர் அவ்வூர்களினூடாகச் சென்றபோது மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது கிணறுகளைத் தூர்வாரியே வாழ்வைத் தொடங்கினர். அதற்கு முற்பட்ட இடப்பெயர்வு ஒன்றிலே மரநிழலிற் படுத்து மலேரியாக் குளிரால் நடுங்கியவர் பெரியம்மா. தூர்வாரிய அதே கிணற்றில் அந்நோய் மீண்டு வந்திருக்கிறது என்று அவர் கொண்டார். மறுநாள் காலை அவர் தம் கிணற்றிலே நீர் அள்ளவில்லை. குடத்தை இடுப்பில் ஏந்தித் தொலைவிலுள்ள பொதுக்கிணற்றுக்கு நடந்தார். அயல்வீட்டாரும் வாளியைக் கிணற்றில் இறக்கத் தயங்கினர். வளர்ந்த நுளம்பின் கடியாலன்றி நீர் அள்ளுவதால் நோய் வராது என்று அவன் கூறியது எவர் காதிலும் ஏறவில்லை. பெயர் ஏறிவிட்டது; விளக்கம் ஏறவில்லை.

கலங்கிய மாணவன் அப்படத்தை விலங்கியல் பயிலும் நண்பனுக்கு அனுப்பினான். விடைக்குப் பதிலாகக் கேள்விகளே வந்தன. நுளம்பின் ஊசிவாய்க்கு இருமருங்கிலும் நீண்டிருக்கும் உறுப்புகளில் வெள்ளை வளையங்கள் எத்தனை? வளையங்களின் இடையே வெண்பொட்டுகள் தூவினாற்போல் உள்ளனவா? கால்களிலும் அவ்வாறு பொட்டுகள் உண்டா? படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். வாயருகே மங்கலான கருங்கோடு ஒன்றே தெரிந்தது. பொட்டு இருந்ததாக அவன் கண்டது கண்ணாற் கண்டதன்று, விருப்பத்தாற் கண்டது.

அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கப்பட்டது. வந்தவர்கள் கிணற்று நீரை அகப்பையால் அள்ளி வெண்தட்டிலே ஊற்றிக் குடம்பிகளைத் தேடினர். சிலவற்றைப் போத்தலில் எடுத்துச் சென்றனர். சில நாட்களின் பின்னர் வந்த செய்தி: அது ஸ்டெபென்சி அன்று, இப்பகுதியிலே பன்னெடுங்காலமாக உள்ள வேறோர் அனோபிலிஸ். மாணவன் குறிப்பேட்டிலே எழுதிய பெயரை வெட்டினான். பெரியம்மா கிணற்றடிக்குத் திரும்பினார். திரும்பியவர் சொன்னது ஒன்றுதான்:

“பேர் தெரியாமல் இவ்வளவு காலமும் இருந்திட்டன் தம்பி. பிழையான பேரோட மூண்டு நாளும் இருக்க முடியேல்லை.”

தவறான பெயர் பாமரருக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணுதல் பொருந்தாது. 2003ஆம் ஆண்டில் கென்யாவிலே மாம்பழங்களைத் தாக்கும் புதிய பழ ஈ ஒன்று காணப்பட்டது. இலங்கையிலிருந்து கிடைத்த ஈக்களையும் அதனுடன் ஒப்பிட்ட அறிஞர், 2005ஆம் ஆண்டில் அதற்கு ‘பாக்ரோசெரா இன்வேடன்ஸ்’ எனப் பெயரிட்டனர். படையெடுத்து வருவது என்பது அதன் பொருள். பத்தாண்டுகள் சென்றன. உருவம், மரபணு, இனச்சேர்க்கை, மணம் என எல்லாவற்றையும் ஆராய்ந்த பல நாட்டறிஞர், அது தனியினம் அன்று, ஆசியாவெங்கும் அறியப்பட்ட ‘பாக்ரோசெரா டோர்சாலிஸ்’ என்பதே என்று 2015ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். உடலைக் கையில் வைத்திருந்தோரே பத்தாண்டின் பின் தம் பெயரைத் திருத்திக்கொண்டனர். திருத்திக்கொண்டது அவர்க்கு இழிவாகவில்லை. அறிவு வளர்ந்த முறையே அது.

அதே 2015ஆம் ஆண்டிலே மற்றொரு விவாதமும் எழுந்தது. தென்னாபிரிக்காவிலே கருந்தச்சுத் தேனீயைப் போன்ற தோற்றமுடைய ஈ ஒன்றை, உடலெதுவும் சேமித்து வைக்காமல் ஒளிப்படங்களை மட்டும் கொண்டு புதிய இனமாக மார்சலும் இவென்கியூசும் வெளியிட்டனர். அரிய உயிரைக் கொல்லாமலே பெயரிடலாம் என்றனர் ஒரு சாரார். உடல் இல்லையேல் நாளை எழும் ஐயத்தை எதைக் கொண்டு தீர்ப்பது என்றனர் மறு சாரார். அவ்வெதிர்ப்பில் நூற்றுக்கணக்கான அறிஞர் ஒப்பமிட்டனர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் கிணற்றடியிலே மூன்று நாள் பட்ட அனுபவம் மாணவனை இரண்டாம் சாராரின் பக்கமே சாயவைத்தது.

ஆயின் ஐயத்துக்கு இடமான படம் பயனற்றதா? அன்று. மடகஸ்காரிலே 2020ஆம் ஆண்டில் பொதுமகன் ஒருவன் கைத்தொலைபேசியால் எடுத்த நுளம்புக் குடம்பியின் படமொன்றைப் பின்னர் ஆராய்ந்தோர், அது அந்நாட்டின் முதல் ஸ்டெபென்சியாக இருக்கலாம் என்று 2023ஆம் ஆண்டிலே எழுதினர். ‘இருக்கலாம்’ என்னும் அச்சொல்லே அறிஞரின் நேர்மை. உடல் எஞ்சியிருக்கவில்லையாதலால் அதற்கு அப்பால் அவர்கள் செல்லவில்லை. எனினும் எங்கே தேடவேண்டும் என்பதை அப்படம் காட்டிற்று. இலுப்பைக்கடவை மாணவனின் படமும் அவ்வளவைச் செய்திருக்க வேண்டியதே. கிணற்றிலே அனோபிலிஸ் இருக்கிறது; வந்து பாருங்கள் என்று உரியவரிடம் சொல்வதற்கு அது போதுமான சான்று. பெரியம்மாவின் குடத்தைப் பொதுக்கிணற்றுக்கு அனுப்புவதற்கு அது போதாது.

விடுமுறை முடியுமுன் அவன் குறிப்பேட்டைப் புதிதாகக் கோடிட்டான். நாள், இடம், அமர்ந்திருந்த பொருள், படத்திலே தெரிவது, படத்திலே தெரியாதது என ஐந்து நிரல்கள். பெயருக்குரியது ஆறாவது நிரல். கருவாட்டு ஈக்களுக்கு அந்நிரலிலே முழுப்பெயர் எழுதினான். இறைச்சி ஈக்களுக்குக் குடும்பப் பெயரோடு நிறுத்தினான். கிணற்றடி நுளம்புக்குச் சாதிப்பெயரை எழுதி, மற்றதை வெட்டியவாறே விட்டான். அவ்வெட்டை மறைக்க அவன் தாளைக் கிழிக்கவில்லை.

ஆவணியிலே மறுபடி ஊருக்கு வந்தபோது, பெரியம்மா அடுப்படித் தட்டிலிருந்து நெருப்புப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பஞ்சின்மேல், இறக்கை குலையாமல், அவர் முன்னர் காணாத வகை இலையான் ஒன்று கிடந்தது.

“படத்தில தெரியாததையும் பார் எண்டு வைச்சனான்” என்றார்.

மாணவன் பெட்டியின்மேல் ‘இலுப்பைக்கடவை, வாடி, காய்ந்த சூடை மீனின்மேல்’ என்று எழுதினான். பிடித்த நாளைக் கேட்டு அதையும் எழுதினான். பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டான்.